"மக்கும் பை" எருக்குழியில் மக்குமா?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் கேழ்வரகும் சாமையும் மானாவாரியாக விளைகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் தக்காளி, கரும்பு, மஞ்சள், மல்பெரி, குச்சிக்கிழங்கு ஆகியவை பயிராகின்றன. பெரும்பாலும் செம்மண் நிலம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி குறைவு. எனவே இப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு எருக்குழிதான் ஆதாரம். களத்து வேலை ஓய்ந்த பிறகு குழியைப் பிரித்து, கோடை மழைக்கு முன் எருவை நிலத்தில் கொட்டிக் கலைத்து விடுவது வழக்கம்.

அந்த எருவில் இன்று சாணம், சாம்பல், தீவனக் கழிவு மட்டும் இருப்பதில்லை. மளிகைக் கடைப் பை, பால் உறை, ஷாம்பு உறை, விதைப் பாக்கெட், டீக்கடைக் கோப்பை ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. உழும்போது கலப்பையில் சுற்றிக்கொள்கின்றன. மாடு மேயும்போது வயிற்றுக்குள் போகின்றன. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் தங்கிவிட்ட பாலிதீன் தானாக வெளியே வருவதில்லை. நாளடைவில் பந்தாகத் திரண்டு தீவனம் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். பிறகு அறுவை செய்துதான் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இத்தகைய பல பொருள்கள் தடை செய்யப்பட்டன. இதன் விளைவாகச் சந்தைக்குப் புதிதாக வந்திருப்பதுதான் பச்சை நிறத்தில் "மக்கும் பை" என்று அச்சடித்த பை. பார்வைக்குப் பாலிதீன் போலவே இருக்கும்; தொட்டால் சற்று வழவழப்பாக இருக்கும். இதைக் காய்கறிக் கழிவோடு சேர்த்து எருக்குழியில் போடலாமா என்பது பல விவசாயிகளின் கேள்வி. போடக்கூடாது என்பதே இப்போதைக்குச் சொல்லத்தக்க பதில். பையில் எழுதியிருப்பது பொய் என்பதல்ல காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். நமது குழிதான் அந்தப் பைக்கு ஏற்றதல்ல.

பைகளில் பல ரகம்

கடைகளில் கிடைக்கும் பைகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒரு ரகம் சாதாரணப் பாலிதீன்தான். உலோக உப்புக் கலந்து, வெயில் பட்டால் நொறுங்கும்படி செய்யப்பட்டது. சில மாதங்களில் பை காணாமல் போய்விடும். ஆனால் மக்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறி மண்ணில் கிடக்கும். முழுப் பையாக இருந்தால் குனிந்து பொறுக்கி எடுக்கலாம். துணுக்கை யார் பொறுக்குவது? இவ்வகைப் பொருள்களை ஐரோப்பிய நாடுகள் 2019இல் சட்டம் இயற்றி, 2021 ஜூலை முதல் விலக்கிவிட்டன.

இரண்டாவது ரகமே உண்மையான மக்கும் பிளாஸ்டிக். மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்து, அதில் உண்டாகும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்வது ஒன்று, இதைப் 'பி.எல்.ஏ.' என்பர். பெட்ரோலியத்திலிருந்து செய்தாலும் நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதாக அமைந்த 'பி.பி.ஏ.டி.' என்பது மற்றொன்று. இவற்றோடு மாவுப்பொருள் கலந்தே பை தயாரிக்கிறார்கள். பை எதிலிருந்து செய்யப்பட்டது என்பது வேறு, அது மக்குமா என்பது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். "சோளத்தில் செய்தது" என்று சொன்னதும் சோளத்தட்டை போல மக்கிவிடும் என்று நம்புவது சரியல்ல.

இவ்வகைப் பைகளுக்கு ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் பொருள்கள் சோதிக்கப்படுகின்றன. தயாரிப்பாளர் பெயரும் சான்று விவரமும் இல்லாமல், இலைப் படம் மட்டும் போட்ட பையை மக்கும் பை என்று ஏற்க வேண்டியதில்லை.

வேறு இரண்டு பொருள்களிலும் ஏமாறுவது உண்டு. துணிக்கடையில் தரும் வண்ணப் பை துணி போலத் தோன்றினாலும் நெய்யப்பட்டதல்ல. அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. டீக்கடைக் காகிதக் கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பாலிதீன் பூச்சு இருக்கிறது. காகிதம் மக்கும், பூச்சு தோல் போல உரிந்து எருவில் கிடக்கும். இவ்விரண்டும் 2019ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலில் இடம்பெற்றவையே.

குறை வெப்பத்தில் இருக்கிறது

சான்றளிக்கும் சோதனையில் பொருளை 58 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், காற்றோட்டமும் ஈரமும் குறையாமல் மக்க வைக்கிறார்கள். அதில் உள்ள கரிமத்தில் 90 சதவீதம் 180 நாள்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். மேலும், 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால், போட்ட எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. இந்த நிபந்தனைகளில் தேறிய பைக்கே சான்று.

பி.எல்.ஏ. போன்ற பொருள் 55, 60 டிகிரிக்குக் கீழே கண்ணாடி போல இறுகியே இருக்கும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால்தான் இளகி, தண்ணீர் உள்ளே புகுந்து, சங்கிலி அறுந்து, நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நமது வீட்டு எருக்குழியில் தினமும் ஒரு கூடைச் சாணமும் ஒரு முறம் குப்பையும் விழுகின்றன. குழி நிரம்ப ஏழெட்டு மாதம் ஆகிறது. இப்படிச் சிறுகச் சிறுகச் சேரும் குப்பையில் சூடு பிறந்தாலும் நிலைப்பதில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் காற்றும் புகாது. கேழ்வரகுத் தட்டையும் நிலக்கடலைக் கொடியும் இந்த நிலையிலும் மெல்ல மெல்ல மக்கிவிடும். மக்கும் பிளாஸ்டிக் மக்காது. எருவோடு எருவாக நிலத்துக்குப் போய், அங்கும் பல காலம் கிடக்கும்.

வெளிநாடுகளிலும் இதே அனுபவந்தான். இத்தாலி 2011 ஜனவரி முதல் சாதாரணப் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்து மக்கும் பையை அனுமதித்தது. மிலான் நகரில் 2012 நவம்பர் முதல் சமையல் கழிவை வீடுதோறும் மக்கும் பையில் சேகரித்து வருகிறார்கள். அங்கே அது பலன் தருகிறது என்றால், சேகரித்த பை நேராக இயந்திர வசதியுள்ள பெரிய ஆலைக்குப் போகிறது என்பதே காரணம். ஆலை இல்லாத ஊரில் அதே பை வெறும் குப்பைதான்.

சூடான குவியல் அமைக்கும் முறை

இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய காலத்தில் வகுத்த முறையில், குப்பையை அடுக்கி, அவ்வப்போது புரட்டிக் கொடுப்பார்கள். காற்றுப் புகுவதால் வெப்பம் ஏறும். பெங்களூரில் ஆச்சார்யா 1939இல் வகுத்த முறையிலும், நம் மாநிலத்தில் பரவிய கோயமுத்தூர் முறையிலும் குழியை நிரப்பி மேலே மண் பூசி மூடுவார்கள். புரட்டும் கூலி மிச்சம். தழைச்சத்து வீணாவதும் குறைவு. மானாவாரி விவசாயிக்கு மூடும் முறை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் களை விதையும் நோய்க் கிருமியும் சாக வேண்டும் என்றால் சூடான குவியலே தேவை. வாடல் நோய் கண்ட தக்காளிச் செடியையும் பூத்து விதை பிடித்த பார்த்தீனியத்தையும் குளிர்ந்த குழியில் போடக்கூடாது.

குவியலுக்கு 5 அடி அகலம், 4 அடி உயரம் வேண்டும். நீளம் குப்பையின் அளவைப் பொறுத்தது. இதற்குச் சிறிதானால் சூடு தங்காது. ஆகையால் குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் அடுக்க வேண்டும். கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை, மல்பெரிக் குச்சி போன்ற காய்ந்த பொருளைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளவும். காய்ந்த பொருள் மூன்று பங்குக்குப் பச்சைத் தழை, பட்டுப்புழுப் படுக்கைக் கழிவு, ஆட்டுப்புழுக்கை இவற்றில் ஒரு பங்கு கலந்து, ஒவ்வொரு முழ அடுக்குக்கும் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். கரும்புத் தோகையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு; சாணத்தையும் புழுக்கையையும் சேர்ப்பது இதைச் சரிக்கட்டத்தான். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது.

வெப்பத்தை அறிய வெப்பமானி தேவையில்லை. கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து எடுத்து, உள்ளே இருந்த பகுதியைத் தொட்டுப் பார்க்கவும். பிடிக்க முடியாமல் கை சுட்டால் குவியல் நன்றாக வேலை செய்கிறது. மூன்று நான்கு நாளில் சூடு ஏறி, பத்து நாளுக்குள் இறங்கத் தொடங்கும். இறங்கியதும் வெளிப்புறம் உள்ளேயும் உட்புறம் வெளியேயுமாகப் புரட்டி அடுக்கவும். மூன்று தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயார். இதற்கு ஆள்கூலி ஆகும். ஆகவே நோய்ப்பட்ட குப்பைக்கும் விதை பிடித்த களைக்கும் மட்டும் இம்முறையை வைத்துக்கொண்டு, மற்றதை வழக்கமான குழியிலேயே போடலாம்.

"மக்கும் பை" என்று விற்கப்படுவதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், அதில் ஒரு முழத் துண்டை வெங்காயம் விற்கும் நைலான் வலைப்பையில் எருவோடு போட்டுக் கட்டி, சூடான குவியலின் நடுவில் வைக்கலாம். புரட்டும்போது தொலைந்துவிடாமல் நீளமான கயிறு ஒன்றைக் கட்டி வெளியே விட வேண்டும். அதே பையின் இன்னொரு துண்டை எருக்குழியில் வைக்கவும். 12 வாரம் கழித்து இரண்டையும் கேழ்வரகு சலிக்கும் சல்லடையில் கழுவிச் சலித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

விலைக்கு வாங்கும் எரு

மாடுகள் குறைந்து வருவதால் வீட்டு எரு போதுவதில்லை. கேழ்வரகுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு ஜோடி மாடு வைத்திருப்பவருக்கு இரண்டு ஏக்கருக்கே இது எட்டாது. எனவே வெளியிலிருந்து உரம் வாங்குகிறார்கள். பேரூராட்சி, நகராட்சிகளின் வள மீட்புப் பூங்காக்களில் தயாராகும் உரமும் இப்போது கிடைக்கிறது. வீட்டிலேயே தரம் பிரித்து வாங்கிய குப்பையில் செய்த உரமானால் தாராளமாக வாங்கலாம். காய்கறிச் சந்தைக் கழிவில் செய்தது இன்னும் நல்லது. பிரிக்காத குப்பையை மக்க வைத்துச் சலித்து எடுத்த உரத்தில்தான் அபாயம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உரத்தில் எடைக்கு ஒரு சதவீதம் பிளாஸ்டிக் இருப்பதாக வைத்துக்கொண்டால், 5 டன் உரத்தோடு 50 கிலோ பிளாஸ்டிக் ஒரு ஏக்கரில் விழுகிறது. மெல்லிய பையில் 50 கிலோ என்றால் எத்தனை ஆயிரம் துண்டு! அடுத்த ஆண்டு இன்னொரு 50 கிலோ. உரத்தின் சத்து ஓரிரு போகத்தில் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் பேரன் காலத்திலும் கிடக்கும். வேர் ஓட்டத்துக்கும் நீர் இறங்குவதற்கும் தடையாகும். நிலத்தை விற்றாலொழிய இதிலிருந்து விவசாயி தப்ப வழியில்லை. மலிவு விலையில், சில சமயம் வண்டி வாடகைக்கே, உரம் கிடைக்கிறது என்று வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகர்க் கழிவு உரத்துக்கு அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. கரிமம், தழைச்சத்து விகிதம் 20க்குக் கீழே இருக்க வேண்டும். 100இல் 90 பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் விழ வேண்டும். கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்பவற்றைத் தாண்டக்கூடாது. பாட்டரிக் கட்டையும் பெயின்ட் டப்பாவும் கலந்த குப்பையில்தான் இந்த உலோகங்கள் ஏறுகின்றன. மொத்தமாக வாங்குவோர் ஆய்வறிக்கையைக் கேட்பது அவர்கள் உரிமை. தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

அறிக்கையோடு வீட்டுச் சோதனையும் செய்யலாம். குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த உரத்தில் ஒரு கிலோ நிறுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து நன்றாகக் கலக்கி விடவும். பாலிதீன் மிதக்கும், மக்காத சக்கையும் கூடவே மிதக்கும். மிதப்பதைச் சல்லடையில் அள்ளி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் காயவைத்து நிறுக்கவும். 10 கிராம் இருந்தால் அது ஒரு சதவீதம். அந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம். அடியில் கண்ணாடிச் சில்லு தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; வெறுங்காலோடு களை எடுக்கும் பெண்களின் பாதத்தைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். உரம் முதிர்ந்ததா என்பதை அறிய, ஒரு சட்டியில் உரத்தையும் மண்ணையும் சமமாகக் கலந்தும், இன்னொன்றில் மண் மட்டும் போட்டும், இரண்டிலும் இருபது பச்சைப் பயறு விதைக்கவும். உரச் சட்டியில் முளைப்பு குன்றினால் இன்னும் ஒரு மாதம் மக்கவிட வேண்டும்.

இலையும் மட்டையும்

வாழையிலை, மந்தாரை இலை, பனையோலைப் பெட்டி, சணல் சாக்கு ஆகியவை நமது எருக்குழிக்கு அந்நியமல்ல. இவை எந்த வெப்பத்திலும் மக்கும். பாக்கு மட்டைத் தட்டும் மக்கும். ஆனால் மட்டை கெட்டியானது. முழுத் தட்டாக அடுக்கிப் போட்டால் தண்ணீர் புகாமல் காய்ந்து கிடக்கும். கிழித்து, இரண்டு நாள் சாணக் கரைசலில் ஊறவைத்துப் போட வேண்டும். இத்தொழிலில் இறங்க நினைப்போர் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. பாக்கு மரத்தில் உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என்று சொல்லி, பாக்கு மட்டைத் தட்டுகளுக்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் அறிவிப்பு வெளியிட்டது. ஏற்றுமதியை மட்டும் நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போடுவது இப்போது புத்திசாலித்தனமல்ல.

கரும்புச் சக்கையில் அழுத்திச் செய்யும் தட்டும் மக்கக்கூடியதே. எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில தயாரிப்புகளில் புளோரின் சேர்ந்த ரசாயனம் சேர்க்கப்படுவது உண்டு. அது மண்ணில் அழிவதில்லை. உணவைத் தொடும் காகிதப் பொருள்களில் இந்த ரசாயனங்களை டென்மார்க் 2020இல் தடை செய்தது. கல்யாண மண்டபக் குப்பையை மொத்தமாக எருக்குழிக்கு ஓட்டி வருவோர், வாழையிலையை மட்டும் ஏற்றுக்கொள்வது நலம்.

தக்காளியை அனுப்ப எந்த மக்கும் பெட்டி நல்லது என்று கேட்பதைவிட, திரும்பி வரும் பெட்டியை ஒழுங்காகத் திருப்பி வாங்குவதே லாபம். நூறு தடவை பயன்படும் பிளாஸ்டிக் கிரேடு, ஒரு தடவையில் எறியும் அட்டைப் பெட்டியைவிட நிலத்துக்குக் கெடுதல் குறைவு.

நிலப்போர்வையும் குச்சிக்கிழங்கும்

தக்காளிப் பாத்தியில் விரிக்கும் நிலப்போர்வைத் தாளில் ஈரம் காக்கும் பயன் மறுக்க முடியாதது. அறுவடைக்குப் பின் அதைச் சுருட்டி எடுப்பதில்தான் தொல்லை. மெல்லிய தாள் கிழிந்து மண்ணோடு கலந்துவிடும். சீனாவில் பல ஆண்டுகள் மிக மெல்லிய தாளைப் பயன்படுத்தி, பருத்தி நிலங்கள் பாழான பிறகு, 2017இல் குறைந்தபட்சக் கனத்தை 8 மைக்ரானிலிருந்து 10 ஆக உயர்த்தினார்கள். நமக்குப் பரிந்துரைக்கப்படும் 25 மைக்ரானுக்குக் குறைந்ததை, விலை மலிவு என்று வாங்க வேண்டாம். மக்கும் நிலப்போர்வை என்று ஒன்றும் விற்கப்படுகிறது. இதற்கு ஐ.எஸ். 17088 சான்று போதாது. அது சூடான குவியலுக்கான சான்று. நிலம் அவ்வளவு சூடாவதில்லை. மண்ணிலேயே இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2018இல் தனித் தரம் (இ.என். 17033) வகுத்திருக்கிறார்கள். அந்தச் சான்று உள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும். வைக்கோலோ கரும்புத் தோகையோ கிடைக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

குச்சிக்கிழங்கு மாவில் பை செய்கிறார்கள், இனி கிழங்கு விலை ஏறும் என்ற பேச்சும் கிராமங்களில் அடிபடுகிறது. வெறும் மாவில் செய்த பை ஈரம் பட்டால் கரையும்; அதனால் மற்றப் பிளாஸ்டிக்குகளோடு கலந்தே செய்ய வேண்டியிருக்கிறது. இப்போதைக்குக் கிழங்கு விலையை நிர்ணயிப்பது ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும்தான். 1981இல் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்து ஏல விலையைப் பார்த்துப் பயிரிடுவதே சரி. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலை கரும்புச் சர்க்கரையிலிருந்து பி.எல்.ஏ. தயாரிக்கும் தொழிற்சாலை அமைப்பதாக 2024இல் அறிவித்தது. அப்படி ஏதும் நம் பக்கம் வந்து, எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து கிழங்கு வாங்க முன்வந்தால் அப்போது பரப்பைக் கூட்டலாம். சேகோ ஆலைகளிலிருந்து வரும் திப்பியை மட்டும் விடாமல் வாங்கி எருக்குழியில் சேர்க்கலாம். அது பூசணம் பிடிக்காமல் மக்கக் கோழி எருவோ சாணமோ கலக்க வேண்டும்.

இந்த ஆண்டு குழி பிரிக்கும்போது, எருவை வண்டியில் ஏற்றும் முன் ஒரு தடவை இரும்புச் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் பிளாஸ்டிக்கைச் சாக்கில் கட்டிப் பேரூராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சேர்க்கவும். வரப்போரத்தில் வைத்துக் கொளுத்தக்கூடாது. குழிக்கருகே இரண்டு கூடை வைத்து, மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துவிட்டால் அடுத்த ஆண்டு இந்த வேலை பாதியாகும். மண், எரு மாதிரி எடுக்கும் முறை பற்றியும் ஆய்வு பற்றியும் பாப்பாரப்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டறியலாம்.